கொனார்க் சிற்பங்களும் கேளுசரண் பிறந்த ஊரும்: ஒடிசா பாரம்பரியச் சுற்றுலா காட்டுவது என்ன?

புவனேஸ்வர்: ஒடிசாவின் பழஞ்சின்னங்களைக் காணச் செல்வோர் பலர் புவனேஸ்வர், பூரி, கொனார்க் ஆகிய மூன்று ஊர்களுடன் பயணத்தை முடித்துக்கொள்கின்றனர். பூரியிலிருந்து சுமார் 14 கி.மீ. தொலைவில், பார்கவி ஆற்றங்கரையில் உள்ள ரகுராஜ்பூரையும் சேர்த்துக் கண்டால் அச்சின்னங்களின் பொருள் விளங்கும். ஒடிசி நடன மேதை கேளுசரண் மகாபாத்ரா 1926-இல் பிறந்த ஊர் அது.

கல்லில் நடனம்

புவனேஸ்வர் அருகே உதயகிரியில் உள்ள ராணி கும்பா குகை சுமார் 2,000 ஆண்டுகள் பழமையானது. இசைக்கருவிகள் முழங்கப் பெண் ஆடும் காட்சி அதில் செதுக்கப்பட்டுள்ளது. 13-ஆம் நூற்றாண்டில் கங்க மன்னர் முதலாம் நரசிம்மதேவர் எழுப்பிய கொனார்க் சூரியக் கோயிலின் நடன மண்டபத்திலும் ஆடல் மகளிர், இசைக் கலைஞர்களின் சிற்பங்கள் நிறைந்துள்ளன.

யுனெஸ்கோ 1984-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த இக்கோயிலின் கருவறை விமானம் இடிந்துவிட்டது. எஞ்சிய முகமண்டபத்தின் உட்புறம், அதுவும் சரியாமல் இருக்க, 1903-இல் மணல் நிரப்பி மூடப்பட்டது. எனவே சிற்பங்களைப் படித்துக்காட்டும் வழிகாட்டி இங்கு அவசியமாகிறார்.

ஓவியக் குடும்பம்

கேளுசரண், பட்டசித்திரம் வரையும் குடும்பத்தில் பிறந்தவர். சிறுவர்கள் பெண் வேடமிட்டு ஆடும் கோட்டிபுவா கலையை இளமையில் பயின்றார். அக்கலை, கோயிலில் ஆடிய மஹரிப் பெண்களின் மரபு, கோயில் சிற்பங்களின் நிலைகள் ஆகியவற்றைக் கொண்டே 1950-களில் ஒடிசி இன்றைய மேடை வடிவத்தைப் பெற்றது. அப்பணியில் முன்னின்றவர்களுள் ஒருவரான அவருக்கு 2000-இல் பத்ம விபூஷண் விருது வழங்கப்பட்டது; 2004-இல் மறைந்தார்.

ரகுராஜ்பூரில் வீடுகளே ஓவியக் கூடங்கள். துணிகளைப் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டி, சுண்ணப்பொடி பூசி, தேய்த்து வழவழப்பாக்கிய பின்னரே ஓவியம் தீட்டப்படுகிறது. ஸ்நான யாத்திரைக்குப் பிறகு சுமார் 15 நாள்கள் பூரி ஜெகந்நாதர் தரிசனம் தருவதில்லை; அக்காலத்தில் அவருக்குப் பதிலாகப் பட்டசித்திரமே வழிபடப்படுகிறது.

யார் காப்பது?

கொனார்க்கைத் தொல்லியல் துறை காத்து வருகிறது. ரகுராஜ்பூர் ஓவியர்களுக்கோ விற்பனையே வாழ்வாதாரம். 2019 மே மாதம் தாக்கிய ஃபானி புயலில் பல வீடுகளில் ஓவியங்கள் நனைந்து பாழாயின. வாங்குவோர் குறைந்தால் அடுத்த தலைமுறை தூரிகையைக் கைவிட நேரும்.

ஆகவே, கடைத்தெருவாக எண்ணிச் சில நிமிடங்களில் கடந்துவிடாமல், ஓவியர் வீட்டில் அமர்ந்து தயாரிப்பு முறையைக் கேட்டறிந்து, அவரிடமே நேரடியாக வாங்குவது பயணிகள் செய்யக்கூடிய உதவியாகும். டிசம்பர் 1 முதல் 5 வரை ஆண்டுதோறும் நடைபெறும் கொனார்க் நடன விழாவின்போது சென்றால், கல்லில் கண்ட நிலைகளை மேடையிலும் காணலாம்.