எஞ்சின் மாற்றப்பட்ட 1932 ஃபோர்டு ஹாட் ராட்

ஹாட் ராட் என்பது வேகத்துக்காகத் திருத்தியமைக்கப்பட்ட பழைய காரைக் குறிக்கும். பழைய உடலை வைத்துக்கொண்டு, அதன் எஞ்சினை வலுவாக்கியோ, அதை எடுத்துவிட்டு வேறு எஞ்சினைப் பொருத்தியோ இக்கார்கள் உருவாக்கப்படுகின்றன. இவ்வழக்கம் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் வளர்ந்தது. ஹாட் ராட் கார்களில் மிகவும் பெயர்பெற்றது 1932ஆம் ஆண்டு ஃபோர்டு கார் ஆகும். ஆண்டின் கடைசி எண் இரண்டு என்பதால், சீட்டாட்டத்தில் இரண்டாம் எண் சீட்டுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'டியூஸ்' என்ற பெயரால் இதை அழைப்பர். 1955க்குப் பிறகு இக்காரில் போட்டி நிறுவனமான ஷெவ்ரலேயின் வி8 எஞ்சினைப் பொருத்துவது பரவலாயிற்று.

கண்காட்சியில் இத்தகைய காரைப் பார்ப்பவர்களின் கண் முதலில் வண்ணப்பூச்சிலும் குரோமியம் பூசிய எஞ்சினிலும் படும். ஆனால் குறைந்த ஆற்றலுக்காக வடிவமைக்கப்பட்ட காரில் பலமடங்கு ஆற்றலுள்ள எஞ்சினை வைத்தால், பிரேக் முதல் பின் அச்சு வரை மற்ற உறுப்புகளையும் மாற்றியாக வேண்டும். காரின் தரமும் அதில் செல்பவரின் பாதுகாப்பும் இந்த மாற்றங்களையே பொறுத்துள்ளன.

மூல எஞ்சின்

1932இல் ஹென்றி ஃபோர்டின் நிறுவனம் மலிவு விலைக் காரில் வி8 எஞ்சினை அறிமுகப்படுத்தியது. எட்டு சிலிண்டர்கள் நான்கு நான்காக இரு வரிசையில், 'வி' வடிவில் அமைவதால் இப்பெயர் வந்தது. அதுவரை இவ்வகை எஞ்சின்கள் பெரும்பாலும் விலையுயர்ந்த கார்களிலேயே இருந்தன. ஃபோர்டின் எஞ்சின் 221 கன அங்குலம், அதாவது சுமார் 3.6 லிட்டர் கொள்ளளவு கொண்டது. அதன் ஆற்றல் 65 குதிரைத்திறன். சில மாற்றங்களுடன் அமெரிக்காவில் 1953 வரை இது ஃபோர்டு கார்களில் பொருத்தப்பட்டது.

இந்த எஞ்சினில் வால்வுகள் சிலிண்டர்களுக்கு மேலே இல்லாமல், பக்கவாட்டில் எஞ்சினின் உடற்பகுதிக்குள்ளேயே இருந்தன. சிலிண்டர்களை மூடும் மேற்பகுதி தட்டையாக இருந்ததால் இதைத் 'தட்டைத்தலை' எஞ்சின் என்றனர். தயாரிக்க எளிது என்றாலும் இதில் இரண்டு குறைகள் இருந்தன. காற்றும் எரிபொருளும் கலந்த கலவை வளைந்து திரும்பி உள்ளே செல்ல வேண்டியிருந்ததால் எஞ்சினின் மூச்சு தடைப்பட்டது. எரிந்த சூடான புகையோ எஞ்சினின் உடற்பகுதி வழியாகவே வெளியேறியதால் எஞ்சின் எளிதில் சூடேறியது.

வறண்ட ஏரிகளில் தொடக்கம்

கலிபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்தில் முரோக், எல் மிராஜ் போன்ற வறண்ட ஏரிகள் உள்ளன. இவற்றின் சமமான, கெட்டியான தரை வேக ஓட்டத்துக்கு ஏற்றது. 1930களில் இளைஞர்கள் பழைய ஃபோர்டு கார்களை வாங்கி, எடையைக் குறைக்க மட்கார்டு, பானெட் முதலியவற்றைக் கழற்றிவிட்டு இங்கே ஓட்டினர். இவ்வோட்டங்களை முறைப்படுத்த 1937இல் தெற்குக் கலிபோர்னியா நேர ஓட்டச் சங்கம் அமைக்கப்பட்டது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் இந்த ஆர்வம் பெருகியது. இயந்திரப் பயிற்சி பெற்றுப் படையிலிருந்து திரும்பிய பலர் இதில் ஈடுபட்டனர். 1948இல் 'ஹாட் ராட்' என்னும் இதழ் தொடங்கப்பட்டது. அதேவேளை பொதுச் சாலைகளில் நடந்த பந்தயங்களால் இக்கார்களுக்குக் கெட்ட பெயரும் ஏற்பட்டது. பந்தயத்தைச் சாலையிலிருந்து விலக்கி, விதிகளுக்கு உட்பட்ட ஓடுதளத்துக்குக் கொண்டுசெல்லும் நோக்கில் வாலி பார்க்ஸ் 1951இல் தேசிய ஹாட் ராட் சங்கத்தை நிறுவினார்.

ஷெவ்ரலே எஞ்சினின் வருகை

ஷெவ்ரலே நிறுவனம் 1955ஆம் ஆண்டுக் கார்களுக்காக 265 கன அங்குல வி8 எஞ்சினை வெளியிட்டது. தலைமைப் பொறியாளர் எட் கோல் தலைமையில் இது உருவானது. இதன் அடிப்படை வகையே 162 குதிரைத்திறன் அளித்தது. இது 1932ஆம் ஆண்டு ஃபோர்டு எஞ்சினின் ஆற்றலைப்போல் ஏறத்தாழ இரண்டரை மடங்கு. வால்வுகள் சிலிண்டர்களுக்கு மேலே அமைந்ததால் கலவை தடையின்றி உள்ளே சென்றது. எஞ்சின் அளவில் சிறியது என்பதால் பழைய காரின் குறுகிய முன்பகுதியிலும் அடங்கியது.

நாளடைவில் பழைய கார்களை உடைத்து விற்கும் இடங்களில் இந்த எஞ்சின் எளிதாகக் கிடைத்தது. உதிரிப் பாகங்களும் மலிவாக இருந்தன. எனவே ஃபோர்டு காருக்குள் ஷெவ்ரலே எஞ்சின் என்பது வழக்கமாகிவிட்டது. 1973இல் ஜார்ஜ் லூக்காஸ் இயக்கிய 'அமெரிக்கன் கிராஃபிட்டி' திரைப்படத்தில் வரும் மஞ்சள் நிற 1932 ஃபோர்டு காரிலும் ஷெவ்ரலே வி8 எஞ்சினே இருந்தது.

எஞ்சினை மாற்றும்போது மாறுபவை

சட்டகம்: 1932 ஃபோர்டின் அடிச்சட்டத்தின் இரு நீண்ட பக்கங்களும் ஒருபுறம் திறந்த வடிவம் கொண்டவை. அதிக விசையில் இவை முறுக்கிக்கொள்ளும். எனவே திறந்த பக்கத்தில் எஃகுத் தகட்டைப் பற்றவைத்து, பெட்டிபோல் மூடிவிடுவர். புதிய எஞ்சின் அமர்வதற்கான தாங்கிகளையும் தனியே செய்ய வேண்டும்.

தடுப்புத் தகடு: ஃபோர்டு எஞ்சினில் சிலிண்டர்களுக்கு மின்பொறியைப் பகிர்ந்தளிக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் முன்பக்கம் இருந்தது. ஷெவ்ரலே எஞ்சினில் அது பின்பக்கம் உள்ளது. எஞ்சினுக்கும் பயணியர் பகுதிக்கும் இடையிலுள்ள தடுப்புத் தகட்டில் அது இடிக்கும் என்பதால், பலர் அத்தகட்டை வெட்டிப் பள்ளமாக்குவர்.

ஆற்றலைக் கடத்தும் உறுப்புகள்: பழைய ஃபோர்டின் சுழல்தண்டு ஒரு குழாய்க்குள் மூடப்பட்டிருந்தது. பழைய கியர் பெட்டியையே வைத்துக்கொள்பவர்கள் அதையும் புதிய எஞ்சினையும் இணைக்க இடைத்தகடு ஒன்றைப் பொருத்துவர். ஆனால் அந்தப் பழைய பற்சக்கரங்கள் அதிக விசையைத் தாங்காமல் உடையக்கூடும். ஆகவே கிளட்ச், கியர் பெட்டி, சுழல்தண்டு, பின் அச்சு ஆகிய அனைத்தையும் மாற்றுவதே பெருவழக்கு.

பிரேக்: 1932 ஃபோர்டில் பிரேக்குகள் இரும்புக் கம்பிகளால் இயங்கின. திரவ அழுத்தத்தில் இயங்கும் பிரேக்கை ஃபோர்டு நிறுவனம் 1939ஆம் ஆண்டுக் கார்களில்தான் கொண்டுவந்தது. ஓடும் பொருளின் இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். மணிக்கு 40 மைலில் செல்லும் காரை நிறுத்தத் தேவையானதைப்போல் நான்கு மடங்கு ஆற்றலை, 80 மைலில் செல்லும் காரில் பிரேக் வெப்பமாக மாற்ற வேண்டும். பிரேக்கை மாற்றாமல் எஞ்சினை மட்டும் மாற்றிய கார் ஆபத்தானது.

குளிர்விப்பும் மின்சாரமும்: ரேடியேட்டர் புதிய எஞ்சினின் வெப்பத்தைத் தாங்க வேண்டும். பழைய ஃபோர்டு 6 வோல்ட் மின்சாரத்தில் இயங்கியது. 1955 ஷெவ்ரலே 12 வோல்ட் முறையைக் கொண்டது. எனவே விளக்குகள், அளவிகள், கம்பிகள் ஆகியவற்றையும் அதற்கேற்ப மாற்றுவர்.

மூலநிலையா, மாற்றமா?

எஞ்சின் மாற்றம் குறித்துப் பழங்கார் ஆர்வலர்களிடையே நெடுநாளாகக் கருத்து வேறுபாடு உண்டு. மூலநிலையைப் பேணுவோர் 1932 ஃபோர்டை வரலாற்றுச் சான்றாகக் காண்கின்றனர். சட்டகத்தையும் தடுப்புத் தகட்டையும் வெட்டிவிட்டால் தொழிற்சாலையிலிருந்து வந்த நிலையை முழுமையாக மீட்க முடியாது. எஞ்சியிருக்கும் கார்களில் ஒன்று அவ்வாறு குறைகிறது.

மறுதரப்பினர், துருப்பிடித்துக் கழிவாகப் போயிருக்க வேண்டிய பல கார்களைக் காப்பாற்றியவர்கள் ஹாட் ராட் செய்தவர்களே என்கின்றனர். பழைய ஹாட் ராட் கார்களும் அவற்றின் காலத்துக் கைத்திறனைக் காட்டும் சான்றுகளே என்பது அவர்கள் வாதம். மூலநிலைக் கார்களுக்குப் புகழ்பெற்ற பெப்பிள் பீச் கண்காட்சி 1997இல் ஹாட் ராட் கார்களுக்குத் தனிப் பிரிவு ஒதுக்கியது இக்கருத்துக்கு வலுச் சேர்த்தது.

இன்று 1932 ஃபோர்டின் வடிவில் புதிய எஃகு உடல்களும் கண்ணாடியிழை உடல்களும், புதிய சட்டகங்களும் விற்கப்படுகின்றன. இவற்றைக் கொண்டு ஹாட் ராட் செய்தால் பழைய காரை வெட்ட வேண்டியதில்லை. பழைய காரையே பயன்படுத்துவோரில் சிலர் வெட்டாமல், போல்ட்டு மட்டும் கொண்டு புதிய உறுப்புகளைப் பொருத்துகின்றனர். கழற்றிய எஞ்சினையும் பாகங்களையும் காருடன் சேர்த்துப் பாதுகாத்தால், பின்னர் வருபவர் விரும்பினால் அதை மூலநிலைக்குத் திருப்பலாம்.

பார்வையிடும்போது கவனிக்க வேண்டியவை

ஒரு ஹாட் ராடை மதிப்பிட விரும்புபவர் காரின் அடிப்பகுதியையும் பார்க்க வேண்டும். பற்றவைப்புகள் சீராக உள்ளனவா, பிரேக் குழாய்கள் சூடான புகைக்குழாயிலிருந்து விலகிச் செல்கின்றனவா, ஸ்டியரிங் தண்டு எதிலும் உரசாமல் திரும்புகிறதா, மின்கம்பிகள் ஒழுங்காகக் கட்டப்பட்டுள்ளனவா என்பவை முக்கியமானவை. உடலும் சட்டகமும் 1932ஐச் சேர்ந்தவையா, புதிதாகச் செய்யப்பட்டவையா என்பதையும் கேட்டறியலாம். அந்தக் கேள்விக்கான விடை, காரின் விலையையும் வரலாற்று மதிப்பையும் பெரிதும் மாற்றக்கூடியது.