சர்க்கரையால் இயங்கும் மரபணு விசை

எப்பொருளை, எப்போது, எவ்வளவு உற்பத்தி செய்வது? பொருளாதாரம் பயிலும் மாணவர்களுக்கு நன்கு பழக்கமான இக்கேள்வி, கண்ணுக்குப் புலப்படாத பாக்டீரியாவுக்கும் உண்டு. எஷெரிச்சியா கோலி என்னும் பாக்டீரியாவில் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட மரபணுக்கள் உள்ளன. அவையனைத்தும் ஒருசேர இயங்கினால் அதன் மூலவளம் வீணாகும். எனவே, தேவை எழும்போது மட்டும் மரபணுவை இயக்கும் ஏற்பாட்டை இயற்கை அதற்கு அளித்துள்ளது.

பாரிஸ் கண்டறிந்த உண்மை

குளுக்கோஸ், லாக்டோஸ் ஆகிய இரு சர்க்கரைகளையும் ஒன்றாக அளித்தால், பாக்டீரியா முதலில் குளுக்கோஸையே உண்ணும். அது தீர்ந்தபின் சிறிது நேரம் வளர்ச்சி தேங்கும். பின்னரே லாக்டோஸை நாடும். இதனை ஆராய்ந்த ஜாக் மோனோ, பாஸ்டர் ஆய்வு நிலையத்தில் பிரான்சுவா ஜேக்கப்புடன் இணைந்து 1961-இல் விளக்கம் அளித்தார். 1965-இல் இருவரும் ஆந்த்ரே லுவோஃப்புடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

மரபணுவின் அல்லது சேர்ந்தியங்கும் மரபணுத் தொகுதியின் முன் 'புரொமோட்டர்' எனப்படும் தொடக்கப் பகுதி உண்டு. மரபணுச் செய்தியைப் படியெடுக்கும் நொதி அங்குதான் வந்து அமரும். லாக்டோஸ் இல்லாதபோது ஒரு தடைப்புரதம் அதன் வழியை மறிக்கிறது. லாக்டோஸ் வந்ததும் அதிலிருந்து உண்டாகும் ஒரு பொருள் தடைப்புரதத்துடன் சேர்ந்து அதனை விலக்கிவிடுகிறது. ஆயினும், குளுக்கோஸ் உள்ளவரை இயக்கம் மந்தமாகவே இருக்கும்.

அராபினோஸ் சர்க்கரைக்கான ஏற்பாடு சற்றே வேறானது. இங்கு ஒரே புரதம் சர்க்கரை இல்லாதபோது தடையாகவும், உள்ளபோது துணையாகவும் பணிபுரிகிறது. இதனால் தேவையற்ற கசிவு மிகக் குறைவு. எனினும் ஒரு குறையும் உண்டு. குறைந்த அளவு அராபினோஸ் அளித்தால் எல்லாச் செல்களும் அரைகுறையாக இயங்குவதில்லை. சில முழுமையாக இயங்க, மற்றவை வாளாவிருக்கின்றன. சராசரிக் கணக்கு மட்டும் பார்ப்போர் இதனால் ஏமாற நேரிடும்.

மருந்தும் செலவும்

இவ்விசையின் பின் நமக்கு வேண்டிய மரபணுவைப் பொருத்தினால் பாக்டீரியா அப்பொருளை ஆக்கித் தரும். 1978-இல் மனித இன்சுலின் மரபணுக்கள் லாக்டோஸ் விசையின் கீழ்தான் இயக்கப்பெற்றன. 1982-இல் அந்த இன்சுலின் அமெரிக்காவில் விற்பனைக்கு அனுமதி பெற்றது. 2000-இல் இத்தகைய தடைப்புரதங்களைக் கோத்து, பாக்டீரியாவுக்குள் இருநிலை விசையும் கடிகாரம் போன்ற அலைவுச் சுற்றும் அமைக்கப்பட்டன. செயற்கை உயிரியல் என்னும் துறைக்கு இவை அடிக்கல்லாயின.

புதிய புரதத்தைத் தொடக்கத்திலிருந்தே ஆக்கினால் பாக்டீரியாவின் வளர்ச்சி குன்றும். முதலில் பெருகவிட்டுப் பின்னர் விசையைத் திறப்பதே முறை. இதற்கு ஆய்வகங்களில் ஐ.பி.டி.ஜி. என்னும் செயற்கைப் பொருள் பயன்படுகிறது. பாக்டீரியா அதனை உண்ணாதாகையால் அதன் அளவு குறையாது. ஆனால் விலை அதிகம். பெருங்கலன்களில் இச்செலவு பொருட்படுத்தத்தக்கது. லாக்டோஸோ மலிவானது, குளுக்கோஸுடன் அளவறிந்து கலந்துவைத்தால், குளுக்கோஸ் தீர்ந்ததும் விசை தானே திறந்துகொள்ளும்.

நமது நாட்டுக்கு

உலகில் மிகுதியாகப் பால் உற்பத்தி செய்யும் நாடு இந்தியா. பன்னீரும் பாலாடைக்கட்டியும் செய்தபின் எஞ்சும் தெளிநீரில் நூற்றுக்கு ஏறத்தாழ 4 முதல் 5 பங்கு லாக்டோஸ் உள்ளது. வெறுமனே வெளியேற்றினால் நீர்நிலைகளை மாசுபடுத்தும் இது, தக்கவாறு தூய்மை செய்யப்பட்டால் உயிர்த்தொழிலுக்கு மூலப்பொருளாகும்.

1986-இல் உயிரித் தொழில்நுட்பத் துறை அமைக்கப்பட்டது. மரபணு மாற்றிய நுண்ணுயிர்களைக் கையாளுவதற்கான விதிகள் 1989-இல் வகுக்கப்பட்டன. 2024 ஆகஸ்டில் உயிரி உற்பத்தியை ஊக்குவிக்கும் கொள்கைக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. இத்திட்டங்களை நிறைவேற்றும் அலுவலர்கள் பால்பண்ணையையும் மருந்து ஆலையையும் தனித்தனியே கருதாமல், ஒன்றன் கழிவு மற்றதன் இடுபொருளாகும் வாய்ப்பை ஆராய்வது நலம். மருந்தின் அடக்கவிலை குறையும்போதுதான் அறிவியலின் பயன் எளிய நோயாளியைச் சென்றடையும்.