மே நாலாந்தேதியை மறக்கலாமா?



மே முதல் தேதி வந்தால் நமக்கு லீவு. கொடி ஏற்றுகிறோம், பேசுகிறோம், சாப்பாட்டுப் பொட்டலம் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறோம். பூச்சோங்கில் நாங்கள் நடத்திய ஒரு மே தினக் கூட்டமும் அப்படித்தான் முடிந்தது. நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தோம். இந்த வட்டாரத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் பால் வெட்டிய பாட்டி ஒருவர் பக்கத்தில் வந்து நின்றார். “ஒண்ணாந்தேதியக் கொண்டாடிட்டீங்க தம்பி. நாலாந்தேதிக்கு என்ன செய்யப் போறீங்க?” என்றார்.

நாங்கள் விழித்தோம். பாட்டியே சொன்னார். அவருடைய அப்பா வருஷா வருஷம் மே நாலாந்தேதி கள்ளுக்கடைப் பக்கம் போக மாட்டாராம். பொழுது சாய்ந்ததும் லயத்து வீட்டுக் கதவைச் சாத்திவிட்டு ஒரு விளக்கு ஏற்றுவாராம். யாருக்கு என்று கேட்டால், “கணபதிக்கு” என்பாராம். “நாங்க பிள்ளையாருக்குன்னுதான் நெனச்சோம்” என்றார் பாட்டி.

பிள்ளையாருக்கு இல்லை. 1949 மே 4-ஆம் தேதி கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிடப்பட்ட எஸ். ஏ. கணபதிக்கு ஏற்றிய விளக்கு அது.

யார் இந்தக் கணபதி? தஞ்சை மாவட்டத்துத் தம்பிக்கோட்டையில் பிறந்தவர். சின்ன வயதிலேயே இந்தப் பக்கம் வந்துவிட்டார். நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் இருந்தார். யுத்தம் முடிந்த பிறகு தொழிற்சங்க வேலையில் இறங்கி, அகில மலாயாத் தொழிற்சங்க சம்மேளனத்துக்குத் தலைவரானார். 1947-இல் அந்தச் சம்மேளனத்தில் இரண்டரை லட்சம் பேருக்கு மேல் இருந்தார்கள். தோட்டம், துறைமுகம், ஈயச் சுரங்கம் எல்லாம் ஒரே குடையின் கீழ். சீனரும் தமிழரும் ஒரே சங்கத்தில். வெள்ளைக்காரத் துரைமாருக்கு இது பிடிக்குமா?

நம்ம சிலாங்கூர் ஜனங்களுக்கு அதற்கு முன்பே சங்க ருசி தெரியும். 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் நடந்தது. ஆர். எச். நாதன் முன்னின்று நடத்தினார். சீனருக்குச் சமமான சம்பளம் கேட்டார்கள், கள்ளுக்கடையை மூடச் சொன்னார்கள். இன்னொன்றும் கேட்டார்கள்: துரையோ கிராணியோ எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்கச் சொல்லக் கூடாது. இன்றைக்கு மோட்டார் சைக்கிளில் பறக்கிற நம்ம பையன்களிடம் இதைச் சொன்னால் நம்ப மாட்டார்கள். அந்த மே மாதமே நாதனைப் பிடித்து நாடு கடத்தினார்கள். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளிகள் செத்தார்கள்.

1948 ஜூனில் சம்மேளனத்தின் பதிவு போயிற்று. அதே ஜூனில் சுங்கை சிப்புட் பக்கம் மூன்று வெள்ளைக்காரத் தோட்டக்காரர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவசரகாலம் வந்தது. சட்ட விரோதமாகத் துப்பாக்கி வைத்திருந்தால் தூக்கு என்று சட்டம் வந்தது.

1949 மார்ச் 1-இல் ரவாங் வாட்டர்ஃபால் தோட்டத்துக்குப் பக்கத்தில் கணபதியைப் பிடித்தார்கள். ஒரு ரிவால்வரும் ஆறு தோட்டாவும் வைத்திருந்தார் என்பது வழக்கு. அது தன் கண்ணில் பட்டது, போலீசில் ஒப்படைக்கத்தான் எடுத்துப் போனேன் என்றார் அவர். மார்ச் 15-இல் தூக்குத் தீர்ப்பு. பதினைந்தே நாள்! இன்றைக்கு ஒரு வேலைநீக்க வழக்கே எத்தனை வருஷம் இழுக்கிறது என்று நமக்குத் தெரியும். அப்பீல் தள்ளுபடியாயிற்று. இந்திய அரசாங்கம் கருணை கேட்டது, பலிக்கவில்லை. ஏப்ரல் கடைசியில் லண்டன் மாநாட்டில் நேரு உட்கார்ந்து, இந்தியா காமன்வெல்த்தில் தொடரும் என்று ஒப்புக்கொண்டு வந்தார். ஒரு வாரம் ஆவதற்குள் இங்கே கயிறு இறுகியது. அதற்கு முதல் நாள், மே 3-இல், சம்மேளனத்தின் இன்னொரு தலைவர் பி. வீரசேனன் நெகிரி செம்பிலானில் சுடப்பட்டார். இரண்டே நாளில் இரண்டு பேர்.

ஜொகூரில் சாம்பசிவம் என்ற இன்னொரு சங்கத்துக்காரருக்கும் அதே காலத்தில் ஆயுதம் வைத்திருந்ததாகத் தூக்குத் தீர்ப்பானது. அவர் வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. 1950-இல் தீர்ப்பு ரத்தாகி உயிர் தப்பினார். கணபதிக்கு அந்த ஒரு வருஷம் கிடைக்கவில்லை.

“அவர் கம்யூனிஸ்டு ஆச்சே” என்று சிலர் இன்றைக்கும் குரலைத் தாழ்த்திக் கேட்கிறார்கள். அந்தச் சம்மேளனத்தைக் கம்யூனிஸ்டுகள்தான் நடத்தினார்கள், மறைக்க வேண்டியதில்லை. காட்டிலிருந்து வந்தவர்கள் கையிலும், வெளியே நின்ற பட்டாளத்தார் கையிலும் நம்ம ஜனங்கள் செத்தார்கள் என்பதும் நிஜம். அதற்காக ஒரு சங்கத் தலைவரின் பெயரையே லயத்துக்குள் விழுங்கிக்கொள்ள வேண்டுமா? அவரைப் பற்றி ‘கயிற்றில் தொங்கிய கணபதி’ என்று தமிழ்நாட்டில் மு. கருணாநிதி புத்தகமே எழுதினார். நாங்கள் படித்த தோட்டப் பள்ளியிலோ அந்தப் பெயர் ஒரு நாளும் காதில் விழவில்லை.

இதே மே 4-க்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது. மே தினத்துக்கு மூல காரணமே அந்தத் தேதிதான். 1886-இல் எட்டு மணி நேர வேலை கேட்டு அமெரிக்காவில் வேலைநிறுத்தம். மே 3-இல் சிக்காகோவில் போலீஸ் சுட்டதில் தொழிலாளிகள் செத்தார்கள். அதைக் கண்டித்து மே 4 இரவு ஹேமார்க்கெட்டில் கூட்டம். மழை தூறி, கூட்டம் கலையும் நேரம் போலீஸ் வந்தது. யாரோ குண்டு வீசினார்கள். வீசியவன் யார் என்று இன்று வரை தெரியாது. ஆனாலும் எட்டுப் பேர் மேல் வழக்கு, 1887 நவம்பரில் நாலு பேருக்குத் தூக்கு. 1893-இல் மிஞ்சியவர்களை விடுதலை செய்த கவர்னர் ஆல்ட்கெல்ட், விசாரணையே நியாயமாக நடக்கவில்லை என்று எழுதினார். அந்தச் சிக்காகோப் போராட்டத்தின் நினைவாகத்தான் மே முதல் தேதி. சிங்காரவேலர் சென்னையில் கொண்டாடியது 1923-இல். நமக்குப் பொது விடுமுறை கிடைத்தது 1972-இல்.

திப்பு சுல்தான் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் வெள்ளைக்காரனோடு மோதி விழுந்ததும் ஒரு மே 4-தான், 1799-இல். அது பள்ளிப் புத்தகத்தில் உண்டு.

அந்த மே 4-ஆம் தேதி பாட்டியைக் காரில் ஏற்றிக்கொண்டு புடுவுக்குப் போனோம். சிறையை 1996-இல் மூடி, 2010-க்குப் பிறகு இடித்துவிட்டார்கள். இன்று அங்கே பெரிய அங்காடிக் கட்டடம் நிற்கிறது; பழைய வாசல் மட்டும் மிச்சம். என்ன கடை தேடுகிறீர்கள் என்று காவலாளித் தம்பி கேட்டார். பாட்டி பதில் சொல்லவில்லை. வாசல் ஓரமாகக் குனிந்து, முந்தானையால் காற்றை மறைத்துக்கொண்டு, ஒரு அகல் விளக்கை ஏற்றினார். இரண்டு தடவை அணைந்தது. மூன்றாவது தடவை நின்று எரிந்தது.