அரியலூர் சிமெண்ட், பெரம்பலூர் ஜல்லி: வீட்டுச் சுவரில் கதிர்வீச்சு இருக்கா?

அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களில் வீடு கட்டுபவர்களுக்கு சிமெண்டும் ஜல்லியும் பக்கத்திலேயே கிடைத்து விடுகிறது. அந்தச் சுவரில் இருந்து கதிர்வீச்சு வருமா என்று கேட்டால், வரும் என்பதுதான் பதில். அதற்காக யாரும் அலறத் தேவையில்லை. நம்ம உடம்பில் இருந்தும்தான் வருகிறது. சாப்பாட்டில் சேரும் பொட்டாசியத்தால் ஒரு பெரிய ஆள் உடம்புக்குள் நொடிக்கு சுமார் 4 ஆயிரம் அணுக்கள் சிதைகின்றன.

எதில் இருந்து வருகிறது, எவ்வளவு வருகிறது என்பதுதான் விஷயம். அதைக் கண்டுபிடிக்கும் முறைக்கு காமா ஸ்பெக்ட்ராஸ்கோபி என்று பெயர்.

மாடிப்படி கணக்கு

அணுவின் நடுவில் உள்ள கருவுக்குள் ஆற்றல் மாடிப்படி மாதிரி படிப்படியாக இருக்கிறது. மேல் படியில் இருந்து கீழ் படிக்கு இறங்கும்போது காமா கதிர் வெளியே வரும். படியின் உயரம் ஒவ்வொரு கருவுக்கும் வேறு. போலீசாருக்கு கைரேகை எப்படியோ, விஞ்ஞானிகளுக்கு இது அப்படி.

பொட்டாசியம் என்றால் 1,460 கிலோ எலக்ட்ரான் வோல்ட். யுரேனியம் வகையறாவுக்கு 1,764, தோரியம் வகையறாவுக்கு 2,614. செந்துறை மண்ணாக இருந்தாலும் டெல்லி மண்ணாக இருந்தாலும் இந்த எண்கள் மாறாது.

இதில் 2,614 தனி ரகம். தோரியம் பல கட்டமாகச் சிதைந்து கடைசியில் ஈயம்-208 ஆகிறது. அந்தக் கருவில் 82 புரோட்டான், 126 நியூட்ரான். இரண்டுமே 'மேஜிக் எண்'கள். அப்படிப்பட்ட கரு ரொம்பக் கெட்டி, லேசில் அசையாது. அதனால்தான் முதல் படியே அவ்வளவு உயரம். மேஜிக் எண்ணுக்கு 1949-ல் காரணம் சொன்ன மரியா கோப்பெர்ட் மேயர், ஜென்சன் இருவருக்கும் 1963-ல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

ஒரு மாதம் மூடி வைக்கணும்

கல், மண், சிமெண்ட் எதுவானாலும் காய வைத்து, பொடியாக்கி, சலித்து, காற்றுப் புகாத டப்பாவில் சுமார் ஒரு மாதம் அடைத்து வைக்கிறார்கள். உள்ளே உருவாகும் ரேடான் வாயு தப்பி விட்டால் கணக்கு தப்பாகி விடும். பிறகு ஈயச் சுவருக்குள் கருவியை வைத்து மணிக்கணக்கில் எண்ணுகிறார்கள். ஜெர்மானியம் கருவி என்றால் அதைத் திரவ நைட்ரஜனில் குளிர வைப்பது வழக்கம்.

நாமக்கல்லில் கிடைக்கும் கட்டுமானப் பொருட்களை திருவண்ணாமலை அரசு கலைக் கல்லூரியின் ஆர்.ரவிசங்கர் குழுவினர் கல்பாக்கம் விஞ்ஞானிகளுடன் சேர்ந்து இப்படித்தான் அளந்தார்கள். 2012-ல் முடிவு வெளியானது. வீடு கட்ட தாராளமாகப் பயன்படுத்தலாம், குறிப்பிடும்படி ஆபத்து இல்லை என்றார்கள்.

வரம்பு என்ன?

நொடிக்கு ஒரு அணு சிதைந்தால் ஒரு பெக்கரல். மூன்று வகையையும் எடை போட்டுக் கூட்டினால் கிலோவுக்கு 370 பெக்கரலைத் தாண்டக் கூடாது. உலக சராசரி மண்ணுக்கு இந்தக் கணக்கு சுமார் 109 தான்.

அரியலூர் சுண்ணாம்புக்கல் சுமார் 7 கோடி வருஷத்துக்கு முந்தைய கடல் படிவு. பொதுவாக சுண்ணாம்புக்கல்லில் யுரேனியம், தோரியம் குறைவு. கிரானைட் வகைக் கற்களில் அதிகம். ஆகவே கதிர்வீச்சு என்று பார்த்தால் சிமெண்ட் ஆலைச் சுண்ணாம்பை விட கிரஷர் ஜல்லியைத்தான் முதலில் அளந்து பார்க்கணும். சிமெண்டிலும் ஒரு விஷயம் இருக்கிறது. பி.பி.சி. ரகத்தில் 15 முதல் 35 சதவீதம் வரை நிலக்கரிச் சாம்பல் கலக்கிறார்கள். கரி எரிந்து போனாலும் அதில் இருந்த யுரேனியமும் தோரியமும் சாம்பலிலேயே தங்கி விடும்.

டப்பாவில் அடைபடும் அதே ரேடான் வீட்டுக்குள்ளும் வரும். இயற்கையாக நமக்குக் கிடைக்கும் கதிர்வீச்சில் ஏறக்குறைய பாதி இந்த வாயுவால்தான். நுரையீரல் புற்றுநோய்க்கு புகைபிடிப்பதற்கு அடுத்த முக்கிய காரணமாக உலக சுகாதார நிறுவனம் இதைச் சொல்கிறது. ஜன்னல் திறந்த அறையில் இது காற்றோடு போய் விடும். ஏ.சி. போட்டு நாள் முழுக்கப் பூட்டி வைக்கும் அறையில்தான் சேரும்.