இருபத்தெட்டு நாள், ஐந்து நாள்

கணையம் இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்புக்கு முன்னால் ஒளிந்து கிடக்கிறது. அதன் தலைப்பக்கத்தை முன்சிறுகுடல் வளைத்துப் பிடித்திருக்கிறது. கணையப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுக்கும் மருத்துவருக்குப் பாதித் தலைவலி இந்தக் குடலால்தான். கட்டியைச் சுருக்கும் அளவுக்குக் கதிர் அதில் பட்டால் புண்ணாகும், ரத்தம் கசியும், ஓட்டையே விழுந்துவிடும்.

1980களில் அமெரிக்காவில் இதைச் சமாளிக்க, இரண்டு வாரம் 20 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) கொடுத்து, இரண்டு வாரம் ஓய்வு விட்டு, மறுபடி 20 கிரே கொடுத்தார்கள். பிறகு அது ஒரே தொடராக 28 தவணை, 50.4 கிரே என்றானது. சனி, ஞாயிறு போக ஐந்தரை வாரம். அமெரிக்காவில் இந்த நோய் கண்டுபிடிக்கப்படுபவர்களில் பாதிப்பேர் எழுபதை எட்டியவர்கள். ஏற்கெனவே எடை இழந்து, குமட்டலோடு இருப்பவரை யாராவது தினமும் காரில் ஏற்றி இறக்க வேண்டும். இந்த அலைச்சலுக்கு எந்தப் பக்கவிளைவுப் பட்டியலிலும் இடமில்லை.

2004இல் ஸ்டான்ஃபோர்டு மருத்துவர்கள் 25 கிரேயை ஒரே நாளில் கொடுத்துப் பார்த்ததை வெளியிட்டார்கள். கட்டி அடங்கியது, குடல்புண்தான் பின்னால் வந்து நின்றது. அந்த அனுபவத்திலிருந்துதான் 33 கிரேயை ஐந்து தவணையாகப் பிரிக்கும் முறை வந்தது.

மூச்சு விடும்போது கணையமும் மேலும் கீழும் நகரும். அதனால் எண்டோஸ்கோப் வழியாக அரிசியைவிடச் சிறிய தங்கத் துணுக்குகளைக் கட்டியிலோ அதன் ஓரத்திலோ பதித்து, அவற்றைப் படத்தில் பார்த்துக் குறிவைக்கிறார்கள். வெறும் வயிற்றோடு வர வேண்டும். இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி அசையாமல் படுக்க வேண்டும். தோள் வலிக்காரருக்குச் சிகிச்சையைவிட இதுதான் கஷ்டம். 'மூச்சை இழுத்துப் பிடியுங்கள்' என்று ஒலிபெருக்கியில் குரல் வரும். பிடிக்க முடியாதவருக்கு வயிற்றை அழுத்தும் பட்டை உண்டு.

கதிர்வீச்சால் ஆயுள் கூடியதா என்று கேட்டால் நெஞ்சு நிமிர்த்திப் பதில் சொல்ல முடியாது. 2016இல் வெளிவந்த எல்ஏபி07 ஆய்வில், கீமோவோடு பழைய நீண்ட கதிர்வீச்சைச் சேர்த்ததால் ஆயுள் நீளவில்லை. கட்டி இருந்த இடத்தில் வளர்வது மட்டும் குறைந்தது. அந்த இடம் நரம்பு முடிச்சை ஒட்டியது. முதுகைத் துளைக்கும் வலி குறைந்து இரவில் தூங்க முடிவதை நான் சின்ன லாபம் என்று சொல்ல மாட்டேன்.

வயதைப் பார்க்கும் பார்வையும் மாறியிருக்கிறது. 2011இல் வெளியான ஃபோல்ஃபிரினாக்ஸ் கீமோ ஆய்வில் 75ஐத் தாண்டியவர்களுக்கு இடமே இல்லை. இன்று முதியோர் மருத்துவம் தெரிந்தவர்கள் பிறந்த வருடத்தோடு நிற்பதில்லை. நாற்காலியிலிருந்து எழுந்து மூன்று மீட்டர் நடந்து திரும்பி உட்கார எத்தனை நொடி, ஏற்கெனவே எத்தனை மாத்திரை, வீட்டில் சமைத்துப் போட ஆள் உண்டா என்று விசாரிக்கிறார்கள். அறுவைக்கும் கடுமையான கீமோவுக்கும் தாங்காத எண்பது வயதுக்காரருக்கும் இந்த ஐந்து தவணையைப் பற்றிப் பேச முடிகிறது. முடிந்த பிறகு சோர்வு சில வாரம் இருக்கும். குடலைக் காக்க அமிலம் குறைக்கும் மாத்திரை சில மாதம் தொடரும்.