‘மரணம் அல்லது சர்க்கரை நோய் 60% குறைவு’: உண்மையில் குறைந்தது எது?

ஒரு மாத்திரை ‘மரணம் அல்லது சர்க்கரை நோய்’ வரும் ஆபத்தை 60% குறைக்கிறது என்று படித்தால் என்ன நினைப்போம்? உயிரைக் காப்பாத்துற மருந்துன்னுதான். ஆனால், ‘அல்லது’ என்ற சொல்லை அவ்வளவு சீக்கிரம் தாண்டிப் போய்விடக் கூடாது.

2006-ல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளியான ‘ட்ரீம்’ ஆய்வையே எடுத்துக்கொள்வோம். ப்ரீ-டயாபடீஸ் நிலையில் இருந்த 5,269 பேரில் பாதிப் பேருக்கு ரோசிகிளிட்டசோன் மாத்திரை, மீதிப் பேருக்கு மருந்தில்லாத போலி மாத்திரை. சுமார் 3 ஆண்டுகள் கண்காணித்து, சர்க்கரை நோய் வந்தவர்களையும் இறந்தவர்களையும் ஒரே கணக்கில் சேர்த்தார்கள். மருந்து எடுத்தவர்களில் 306 பேர். மற்றவர்களில் 686 பேர். இப்படிச் சேர்த்து எண்ணுவதுதான் ‘காம்போசிட் எண்ட்பாயின்ட்’, அதாவது கூட்டு அளவீடு.

பிரித்துப் பார்த்தால்? சர்க்கரை நோய்: 280-க்கு எதிராக 658. மரணம்: 30-க்கு எதிராக 33. குறைந்தது சர்க்கரை நோய் மட்டும்தான். மரணம் கூடவே ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. ரத்தச் சர்க்கரையைக் குறைக்கும் மருந்து, சர்க்கரை அளவை வைத்தே கண்டறியப்படும் நோயைக் குறைத்ததில் பெரிய ஆச்சரியமும் இல்லை.

அப்புறம் எதுக்கு மரணத்தைச் சேர்க்கணும்? ஏமாற்று வேலை அல்ல. இறந்தவருக்குச் சர்க்கரை நோய் வராது. நோயை மட்டும் எண்ணினால், ஆளைக் கொல்லும் மருந்துகூட நல்ல மருந்தாகத் தெரியும். தவிர, அரிதாக நடப்பதைத் தனியாக அளக்க இன்னும் பல ஆயிரம் பேர் தேவை.

ஆகவே கூட்டு அளவீட்டை எடைபோட, நோயாளியின் பக்கத்திலிருந்து கேட்க வேண்டும்: சேர்த்த எல்லாமே எனக்கு ஒரே அளவு முக்கியமா? எல்லாமே ஏறக்குறைய சம எண்ணிக்கையில் நடந்தனவா? எல்லாவற்றிலும் மருந்து ஒரே மாதிரி வேலை செய்ததா? ‘ட்ரீம்’ கணக்கு மூன்றிலுமே தேறாது.

அந்தக் கூட்டில் எது விடுபட்டது என்பதும் முக்கியம். இதயச் செயலிழப்பு மருந்து எடுத்தவர்களில் 14 பேருக்கு வந்தது. மற்றவர்களில் 2 பேருக்கு. இது 60% கணக்கில் இல்லை. இதய பாதிப்பு பற்றிய கவலைகள் வலுத்து, 2010-ல் ஐரோப்பாவில் ரோசிகிளிட்டசோன் விற்பனை நிறுத்தப்பட்டது. இந்தியாவும் அதே ஆண்டு தடை செய்தது.

இந்த எண்களை யாரும் ஒளித்துவைக்கவில்லை. 306, 686-ஐச் சொன்ன அதே கட்டுரையில்தான் 30-ம் 33-ம் இருக்கின்றன.