குறைமாதக் குழந்தையின் நோவும் தாயின் தாலாட்டும்

அளவெட்டி என்றதும் நாதசுரமும் தவிலும் நினைவுக்கு வருதல் இயல்பே. என். கே. பத்மநாதன் அவர்களின் நாதசுரமும், இணுவிலிற் பிறந்து இவ்வூரில் வாழ்ந்த தட்சணாமூர்த்தி அவர்களின் தவிலும் ஈழத்துக்கு அப்பாலும் புகழ் பெற்றவை. கோயில் வீதியிலே நள்ளிரவிலும் மக்களை விழித்திருக்கச் செய்த அவ்விசையின் பெருமையை நம்மவர் நன்கறிவர். இக்கட்டுரையோ அதற்கு மறுதலையான ஓரிசையைப் பற்றியது. அயலில் நிற்பவருக்கும் கேளாதபடி மெல்லப் பாடப்படுவது அது. கையில் அடங்கத்தக்க ஒரு சிசுவின் நோவைத் தணிப்பது.

37 வாரம் நிரம்புமுன் பிறக்கும் பிள்ளையைக் குறைமாதப் பிள்ளை என்பர். 2020ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறக்குறைய 1 கோடி 34 இலட்சம் பிள்ளைகள் இவ்வாறு பிறந்தன என உலக சுகாதார நிறுவனம் கணித்துள்ளது. பத்துக்கு ஒன்று என்க. இவற்றுட் பல, தாயின் மடியிற் கிடவாது வைத்தியசாலையின் கண்ணாடிப் பேழையிற் கிடக்கின்றன. குதிகாலிற் குத்தி இரத்தம் எடுத்தல், மூக்கின்வழிக் குழாய் செலுத்துதல், ஊசி ஏற்றுதல் என்பன அங்கே அடிக்கடி நிகழ்வன. உயிரைக் காக்கும் பொருட்டே இவை செய்யப்படுகின்றன. எனினும் நோவு நோவே.

பச்சிளங் குழந்தை நோவை உணராது என்ற எண்ணம் ஒரு காலத்தில் வைத்திய உலகிலும் நிலவிற்று. நரம்புகள் முதிரவில்லை என்றும், மயக்க மருந்தை அவ்வுடல் தாங்காது என்றும் கருதிப் போதிய மருந்தின்றியே சத்திரசிகிச்சை செய்தனர். இவ்வெண்ணத்தைத் தகர்த்தவருள் முதன்மையானவர், இந்தியாவிற் பிறந்து ஒக்ஸ்போட்டில் ஆய்வு செய்த கே. ஜே. எஸ். ஆனந்த் என்னும் வைத்தியர். தக்க நோநீக்கி மருந்து பெற்ற குறைமாதக் குழந்தைகளுக்குச் சத்திரசிகிச்சையால் வரும் இடர்கள் குறைந்தன என்பதை அவர்தம் குழுவினர் 1987இல் வெளியிட்டனர். இன்று, அழுவதற்கும் வலுவில்லாத பிள்ளையின் நோவையும் அளந்தறிகின்றனர். புருவம் நெரிதல், கண் இறுகுதல், மூக்கோரத்து மடிப்பு ஆழமாதல், இதயத்துடிப்பு, இரத்தத்து ஒட்சிசன் ஆகியவற்றை நோக்கிப் புள்ளியிடுவர்.

இனி, இத்தகைய பிள்ளைக்கு இசை கேட்குமோ எனின், கேட்கும். உற்றறிவை முதலில் வைத்து, சுவை, நாற்றம், காட்சி, கேள்வி என ஐம்புல அறிவை அடுக்கினார் தொல்காப்பியர். கருவிலும் முதலில் விழிப்பது உற்றறிவே. ஆயின் அங்கே செவி கண்ணை முந்துகிறது. ஏறக்குறைய 25ஆம் வாரத்திலே சிசு ஒலிக்கு அசைகின்றது. அது கேட்கும் ஒலிகளுட் சிறந்தது தாயின் குரல். காற்றின் வழியாக மட்டுமன்றி அவள் உடலின் வழியாகவும் அது சிசுவை அடைகின்றது. குறைமாதத்திற் பிறந்த பிள்ளை அக்குரலை இழந்து, இயந்திரங்களின் மணியொலிக்கு நடுவே கிடக்கின்றது.

இழந்த குரலை மீட்டுக் கொடுத்தால் நோவு தணியுமா? இத்தாலி நாட்டு அவோஸ்தா நகரத்து வைத்தியசாலையில் 20 குறைமாதக் குழந்தைகளிடத்தே இதனை ஆராய்ந்து, 2021இல் முடிவை வெளியிட்டனர். குதிகாலில் இரத்தம் எடுக்கும்போது தாய் அருகிலிருந்து பேசினாள், மற்றொருமுறை பாடினாள், பிறிதொருமுறை வாளாவிருந்தாள். வாளாவிருந்தபோது 4.5 ஆயிருந்த நோவின் புள்ளி, பாடியபோது 3.8 ஆகவும், பேசியபோது 3 ஆகவும் இறங்கிற்று. பாசத்தோடு இயைந்த ஒக்சிரோசின் என்னும் ஓமோன், தாய் பேசியபோது பிள்ளையிடத்து மிகுந்தது.

பாட்டினும் பேச்சு விஞ்சியது ஏன் என்ற ஐயம் எழலாம். பேசும் தாய் பிள்ளையின் முகத்தை நோக்கிக் குரலை ஏற்றியும் இறக்கியும் நிறுத்தியும் இசைவிக்கின்றாள். பாடும்போது மெட்டு அவளை ஓரளவு கட்டிவிடுகின்றது என ஆய்வாளர் கருதுகின்றனர். நம்மூரார்க்கு இது புதிய செய்தி அன்று. நாதசுரக்காரரின் முகத்தை நோக்காது தன் போக்கில் முழங்கும் தவில் எத்துணை வல்லமை உடையதாயினும் கச்சேரிக்கு உதவாது. குழந்தையே இங்கு முதன்மை வித்துவான், தாய் பக்கவாத்தியம்.

நமது தாலாட்டு இவ்வகையில் தகுதி வாய்ந்தது. தால் என்பது நாவு. நாவை ஆட்டிப் பாடுதலின் தாலாட்டு ஆயிற்று. பிள்ளைத்தமிழ் நூல்களும் தாலுக்கென ஒரு பருவம் வகுத்தன. வீட்டுத் தாலாட்டோ கடுந்தாளத்துக்குக் கட்டுப்படாதது. மாமன், மாமி, பேரன் என உறவுகளை வேண்டியவாறு சேர்த்தும், பிள்ளை சிணுங்கினால் நீட்டியும், கண் செருகினால் தாழ்த்தியும் பாடப்படுவது.

மேனாட்டாரும் இத்திசையிலே வருகின்றனர். 272 குறைமாதக் குழந்தைகளை ஆராய்ந்து, 2013இல் ஜோஆன் லோவி என்பவரும் பிறரும் வெளியிட்ட அமெரிக்க ஆய்வு, பெற்றோர் தாமே தெரிந்த பாட்டைத் தாலாட்டுப்போற் பாடுதலைச் சிறப்பித்தது. பெற்றோரின் மனக்கலக்கமும் குறைந்தது. ஜெனீவாவிலே இக்குழந்தைகளுக்கென இசை அமைத்தவர்கள், நமது பாம்பாட்டியின் மகுடி ஒலிக்கே அவை மிகுதியாகச் செவிசாய்த்தன என்று கண்டனர்.

எனினும் மிகைபடக் கூறுதல் தகாது. 25 சோதனைகளை ஒருங்கே ஆராய்ந்து 2023இல் வெளிவந்த மதிப்பீடு, இதயத்துடிப்பு அமைதியுறுதலை ஏற்றதேயன்றி, பிற நன்மைகள் உறுதிப்படவில்லை என்றது. ஆகவே இசை மருந்துக்குத் துணையேயன்றி மாற்று அன்று. ஒலி மிகுந்தால் தீங்கும் விளையும். குறைமாதக் குழந்தைகளின் விடுதியில் ஒலி 45 டெசிபெலைத் தாண்டலாகாது என அமெரிக்கக் குழந்தைநல வைத்தியர் கழகம் 1997இல் விதந்துரைத்தது. நாம் இயல்பாகப் பேசும் குரலே அதனின் மிக்கது. கைத்தொலைபேசியிற் பாட்டை ஒலிக்கவிட்டுப் பேழையருகே வைத்தல் இதனாலும் தகாது. அக்கருவி பிள்ளையின் முகத்தை நோக்குவதும் இல்லை.

வைத்தியராயும் தாதியராயும் உள்ள பழைய மாணவரும் அவர்தம் குடும்பத்தாரும், பேழையருகே கலங்கி நிற்கும் தாயைக் காணின், "தொடாதே, விலகி நில்" என்பதோடு அமையாது, "மெல்லப் பேசு, பாடு" என்றும் கூறுவாராக. ஊசியும் குழாயும் அவள் கையில் இல்லை. குரல் அவளிடத்தே உண்டு. இன்றைய மாணவரோ, தம் பேர்த்தியாரிடம் வீட்டுத் தாலாட்டைக் கேட்டு மனத்திற் பதித்துக்கொள்வாராக. இன்று பழம்பாட்டெனத் தோன்றுவது, நாளை தம் பிள்ளை ஒன்று காலத்துக்கு முன் பிறந்து நோவுறும்போது, தாமே கொடுக்கக்கூடிய துணையாய் நிற்கும்.